காயவைத்த படகு

புதுப் படகு வாங்குவதா, பழசை வாங்கிச் சரிசெய்துகொள்வதா என்று எங்கள் வீட்டில் பேச்சு நடந்தபோது நான் அடுப்புப் பக்கம்தான் இருந்தேன். ஒரே அறை, நடுவில் பழைய புடவையைக் கட்டித் தடுத்திருந்தோம். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவது எல்லாம் காதில் விழும். என்னை யாரும் கேட்கவில்லை. நான் நாலாவது வரை படித்தவள். ஆண்கள் பேசுகிற இடத்தில் வாயைத் திறந்து எனக்குப் பழக்கமும் இல்லை.

பொம்மனஹள்ளியில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், ஓசூர் ரோட்டில் அவர் வேலை செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கணக்கு முடித்துக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டுத் தீர்ப்பதற்குள் வேறு பிழைப்பு பார்த்தாக வேண்டும். நாற்பத்தைந்து வயசு ஆளை எந்தக் கம்பெனியிலும் சேர்க்கவில்லை. கேட் வாசலில் வாட்ச்மேனே பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவான். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் காவிரிக் கரையில் பிறந்தவர், பரிசலில் மீன் பிடிக்கிற குடும்பம். அந்தத் தைரியத்தில் பக்கத்து ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் போய்க் கேட்டார். குத்தகைக்காரர் கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். சொந்தப் படகோடு வந்தால், மழை பெய்து ஏரி நிரம்பியதும் ஒரு பக்கத்தை விட்டுத்தருவதாகச் சொன்னார். பிடிக்கிற மீனில் பாதி எங்களுக்கு. ஆனால் பரிசல் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரிய வலையும் இரண்டு ஆளும் மீன் பாரமும் பரிசல் தாங்காது, ஆகாயத்தாமரைக்குள் மாட்டினால் சுற்றிக்கொண்டே நிற்கும் என்றார்.

அதனால்தான் இந்தப் பேச்சு. என் கொழுந்தனார் அடுகோடியில் ஃபைபர் பட்டறையில் வேலை செய்தார். தண்ணீர்த் தொட்டி செய்கிற இடம், சொன்னால் படகும் செய்து கொடுப்பார்கள். முப்பதாயிரம் ஆகும். கையில் இருந்தது அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனேக்கல் பக்கம் ஒரு மரப்படகு விலைக்கு இருப்பதாக இவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எட்டாயிரம் சொல்கிறான், மேலே ஒரு மூவாயிரம் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்பது இவர் கணக்கு.

“உன் மொதலாளிக்கு ஆள் புடிக்கிறியா?” என்று இவர் கேட்டார்.

“அவருக்கு இல்லண்ணா, உனக்குத்தான் ஆள் புடிக்கணும். அந்தப் பழசைத் தூக்கியார” என்றார் கொழுந்தனார்.

சிரித்துக்கொண்டார்கள். மறுவாரமே ஆனேக்கல் போனோம். என்னையும் கூட்டிப்போனார். அங்கே குளத்து ஓரத்தில் சேற்றில் பாதி புதைந்து கிடந்தது படகு. உள்ளே முழங்கால் அளவு தண்ணீர், பாசி. அவருக்கு மனசே ஆறவில்லை. இப்படியா போட்டு வைப்பார்கள் என்று என்னிடம் முணுமுணுத்தார். அதைக் காட்டியே பேரம் பேசி ஆறாயிரத்துக்கு முடித்தார். விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. மீன்காரர் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். மீன்காரருக்குப் படகைப் பற்றி யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

அது மாசி மாதம். டெம்போவில் ஏற்றி வந்து எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் இறக்கினோம். பரிசலை எப்படி வைத்துக்கொள்வார்களோ அப்படியே இதையும் வைத்துக்கொண்டோம். காவிரிப் பக்கம் மீன் பிடித்துவிட்டு வந்தால் பரிசலைத் தலையில் தூக்கிவந்து கவிழ்த்துக் காயவைப்பார்கள். ஈரமாக விட்டால் மூங்கில் மக்கிவிடும். நாலு ஆளை வைத்துப் படகைக் கவிழ்த்தோம். நான் பாசியைச் சுரண்டிக் கழுவி, துணியால் துடைத்தேன். நல்ல வெயில் அடிக்கிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்தபடியே நகர்த்திப்போட்டோம். சித்திரையில் திடீரென்று ஒரு மழை வந்தது. துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி, படகின் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. அவர் வந்து பார்த்து, பரவாயில்லையே என்றார்.

அதற்குள் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி விழ ஆரம்பித்திருந்தது. முதலில் நூல் அளவு, பிறகு விரல் நுழைகிற அளவு. கவிழ்ந்து கிடக்கிற படகுக்குள் தலையை விட்டால் வெயில் கோடு கோடாகத் தெரியும். அடுகோடியில் லாரிக்கு பாடி கட்டுகிற மேஸ்திரியை இவர் அழைத்துவந்தார். மேஸ்திரி மரச் சில்லுகளைச் சீவி, இடைவெளிகளில் இறுக்கி அடித்து, மேலே லாரிக்குப் போடுகிற பட்டியைப் பூசி, பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். பார்க்கப் புதுசாகத்தான் இருந்தது. பதினைந்து நாளில் வேறு இடத்தில் விட்டது. மறுபடியும் மேஸ்திரி வந்தார், மறுபடியும் சில்லு, பட்டி, பெயிண்ட். வைகாசியில் மூன்றாவது தடவை.

கொழுந்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். வாங்கினது, டெம்போ, மேஸ்திரி கூலி, மரம், எல்லாம் சேர்த்து பதினாறாயிரத்தைத் தாண்டியிருந்தது.

“விட்டுடுண்ணா. உன் கையில மிச்சம் இருக்கிறதை நான் பட்டறையில கட்டறேன், மீதிய மாசாமாசம் என் சம்பளத்துல புடிச்சிக்கச் சொல்றேன். புதுசே செஞ்சிக்கலாம்.”

“இவ்ளோ போட்டாச்சி. இப்ப விட்டா இதெல்லாம் யாரு குடுப்பா?”

கொழுந்தனார் புடவைத் தடுப்பைப் பார்த்து, “அண்ணி, நீங்களாவது சொல்லுங்க” என்றார். நான் டம்ளரில் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி நீட்டினேன், அவ்வளவுதான். அவர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஏரி ஏறியது. வீட்டில் அரிசியைக் கடனுக்கு வாங்க ஆரம்பித்திருந்தோம். குத்தகைக்காரர் சொன்ன நாளில் படகைக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார்கள். நான் கரைமேல் நின்றேன். தள்ளிவிட்டதும் நன்றாகத்தான் மிதந்தது. இவர் ஏறி உட்கார்ந்து துடுப்பைக் கையில் எடுத்தார். அடுத்த நிமிஷம் குனிந்து பார்த்தார். தகர டப்பாவால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். ஊற்ற ஊற்ற ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, படகைக் கரைக்கு இழுத்து வந்தார்.

குத்தகைக்காரரிடம் வேலை செய்கிற ஒரு வயசான படகுக்காரர் இறங்கி வந்தார். பலகையைத் தடவிப் பார்த்தார்.

“எவ்ளோ நாளா கரையில வெச்சிருந்தே?”

“மாசியிலருந்து.”

“வெயில்லயா?”

இவர் தலையை ஆட்டினார். அந்தப் பெரியவர் திட்டவில்லை. மரப்படகைத் தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் பலகை ஊறி, உப்பி, தானே இடுக்கை மூடிக்கொள்ளும் என்று கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். ஆனேக்கல்காரர் சேற்றில் போட்டிருந்தது அதற்காகத்தான். இப்போதும் ஒரு வாரம் தண்ணீருக்குள் முக்கி வைத்துப் பாருங்கள் என்றார். குத்தகைக்காரரும் சரி, ஒரு வாரம் பார்க்கிறேன் என்றார்.

கல்லை ஏற்றி முக்கினார்கள். அந்த வாரம் முழுக்க, துணி துவைக்கிற சாக்கில் தினமும் ஏரிக்குப் போனேன். கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. கல் வைத்த இடத்தைப் பார்த்து நிற்பேன். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியாமல் எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

வெளியே எடுத்தபோது ஒரு பக்கத்துப் பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு நெளிந்து நின்றது. உள்ளே இரண்டு குறுக்குக் கட்டைகள் பிளந்திருந்தன. இடுக்கு முழுக்கச் சில்லு அடித்து அடைத்திருந்தோமே, பலகை உப்புவதற்கு இடம் இல்லை. ஒன்றை ஒன்று தள்ளி உடைத்துக்கொண்டன. பஞ்சுத் திரி மட்டும் வைத்திருந்தால் மூடியிருக்கும் என்றார் பெரியவர். சரிசெய்ய என்ன ஆகும் என்று இவர் கேட்டார். பெரியவர் சொன்ன தொகையோடு நாங்கள் போட்டதையும் சேர்த்தால் புதுப் படகு வந்திருக்கும். மறுநாள் குத்தகைக்காரர் எங்கள் பக்கத்தை வேறு ஆளுக்கு விட்டார். அந்த ஆள் கொண்டுவந்தது ஃபைபர் படகு.

அதற்குப் பிறகு இவர் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிள்ளைகள் பேச்சுக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்வார். கம்பெனி மூடியபோதுகூட அப்படி இருந்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கயிறு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு காலையில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஏரிக் கரைக்குப் போனேன். மீன் எடை போடுகிற இடத்தில் குத்தகைக்காரர் இருந்தார். வியாபாரிகள் எல்லாரும் போகிற வரை தள்ளி நின்றேன். அவரே கூப்பிட்டார்.

“என்னம்மா வேணும்?”

தரையைப் பார்த்தபடியே சொன்னேன். “படகு இல்லாட்டி போவுதுங்க. வலை இழுக்க அவர வெச்சிக்கங்க.”

“பாதி பங்குக்கு வந்தவர்மா அவரு. கூலிக்கு நிப்பாரா?”

“நிப்பாருங்க.”

நிற்பாரா என்று எனக்குத் தெரியாது. குத்தகைக்காரர், நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சுவர்ப் பக்கமிருந்து திரும்பவில்லை. அப்படியே படுத்தபடி, “எவ்ளோ தர்றானாம்?” என்றார்.

அதைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கேக்கலீங்க என்றேன்.

மறுநாள் எழுந்து குளித்து, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று பார்த்தேன். நேராகப் போனால் கரைமேல் கிடக்கிற எங்கள் படகைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் அந்த வழியாகப் போகவில்லை. ரோட்டுப் பக்கம் திரும்பி, ஏரியைச் சுற்றிக்கொண்டு போனார்.