வாசலைச் சாத்தினவள்

மிலெம்பே மீனை இடது கையால்தான் வீசுவாள். அந்த ஏரிக்கரையில் மீன் காயப்போடும் மற்ற பெண்கள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வலது கையால் டாகா மீனை அள்ளி ஒரு சுழற்றுச் சுழற்றுவார்கள். விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பொடிமீன் விசிறி விரித்தமாதிரி மணலில் போய் விழும். ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் அடியில் கிடப்பது காயாமல் நாறிப்போகும். மிலெம்பே வீசினால் குவியலாகத்தான் விழும். பிறகு குனிந்து ஒரு குச்சியால் கலைத்துவிடுவாள். மற்றவர்கள் காயப்போட்டு இடுப்பை நிமிர்த்தும்போது அவள் பாதிக் கூடையில் நிற்பாள்.

வலது கை மேல்துணிக்குள் இருக்கும். அதன் விரல்கள் பாதி மடங்கிய நிலையில் அப்படியே நின்றுபோனவை. கூடையின் காதை மாட்டிக்கொள்ள உதவும், அவ்வளவுதான். ஒரு காலத்தில் அவளைப்போல வீச அந்தக் கரையில் ஆளே கிடையாது. அவளைப் பிடிக்காதவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

அந்தக் கை போன கதை ஒரு காய்ச்சலில் தொடங்கியது.

அவள் கணவன் லுஹெண்டே ஒரு படகுக்குத் தலைவன். பெண்டாட்டியை அடிக்காதவன். அதையே பெரிய தயவாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கென்று ஒரு துணி எடுத்துத் தந்ததில்லை. அப்படிப்பட்டவன், அவளுக்கு மலேரியா கண்டு உடம்பு தூக்கிப்போட்டபோது, தோளில் தாங்கி ஜிலாலாவின் மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் ஜனங்கள் பார்த்தார்கள்.

“டாக்டர், மாத்திரை கீத்திரைன்னு என்னை ஏமாத்தாதீங்க. என் பொண்டாட்டிக்குத் தண்ணி தொங்கவிடுங்க. மூணு பாட்டில். காசை இப்பவே மொத்தமா எடுத்துக்கங்க,” என்று கடை வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான்.

ஜிலாலா டாக்டர் இல்லை. நகரத்தில் யாரோ ஒரு டாக்டரிடம் பெட்டி தூக்கியவன் என்று பேச்சு. ஆனால் நரம்பு பார்த்துக் குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டு குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றத் தெரியும். அந்தக் கரைக்கு அது போதும். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அங்கே கேட்கிற முதல் கேள்வி, “எத்தனை பாட்டில் தொங்கவிட்டாங்க?” என்பதுதான். மாத்திரை விழுங்கிப் பிழைத்தவனை யாரும் நோயாளியாகவே மதிப்பதில்லை. சாவு வீட்டிலும் அந்தக் கேள்வி வரும். ஒன்றுகூட இல்லை என்று சொல்ல நேர்ந்த குடும்பம் அதன்பிறகு தலை நிமிர முடியாது.

மிலெம்பேக்கு இரண்டு பாட்டில் ஏறியது. மூன்றாவதை மறுநாள் தொங்கவிடுவதாகச் சொல்லி, புறங்கையில் குத்திய குழாயை எடுக்காமல் மூடியைத் திருகி, பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினான் ஜிலாலா. அந்தக் குழாய்க்கு அங்கே ‘வாசல்’ என்று பெயர். ஒருமுறை திறந்துவிட்டால் பாட்டில் தீரும்வரை சாத்தக் கூடாது. சாத்தினால் திரும்பத் திறக்க அவன் தனியாகக் காசு வாங்குவான்.

மறுநாள் அவள் போனபோது கடை பூட்டிக் கிடந்தது. நிலாக் காலம் தொடங்கிவிட்டது. வெளிச்சம் கொட்டுகிற இரவுகளில் டாகா மீன் விளக்குக்கு வராது, படகு ஏரியில் இறங்காது, கரையில் யார் கையிலும் காசு புரளாது. அந்த நாட்களில் ஜிலாலா சரக்கு எடுக்க நகரத்துக்குப் போய்விடுவான். நிலா தேய்ந்து இருட்டு வரும்போதுதான் அவனும் வருவான்.

“எடுத்துடலாமா இதை? குடைச்சலா இருக்கு,” என்று லுஹெண்டேயிடம் கேட்டாள்.

“பைத்தியமா உனக்கு? இன்னும் ஒரு பாட்டில் பாக்கி இருக்கு. திறந்த வாசல் அப்படியே இருக்கட்டும்.”

அவளுக்கும் அதை எடுக்க மனம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இளஞ்சிவப்பு மூடியோடு புறங்கையில் அது நின்றபோது, தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். “உன் புருஷன் மூணு பாட்டில் வாங்கினானாமே?” என்றார்கள். வளையல் போடாத கைக்கு அது வளையல் மாதிரி இருந்தது. அவள் அதோடு மீன் கழுவினாள், துணி துவைத்தாள், களி கிண்டினாள். பிளாஸ்திரி கறுத்து ஓரம் கிளம்பியது. சுற்றிலும் சிவந்தது. பிறகு முன்கை நரம்பு கயிறு போல விறைத்துக்கொண்டது. கையை மேல்துணிக்குள் மறைத்துக்கொண்டாள். யாராவது பார்த்தால் எடுக்கச் சொல்வார்களே என்ற பயம்.

நடுக்கம் கண்டு நினைவு தப்பியபோதுதான் படகில் போட்டு அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புறங்கையைக் கீறி ஒரு கிண்ணம் சீழ் எடுத்தார்கள். உயிர் தப்பியது. விரல்கள் அதன்பிறகு நீளவில்லை.

அந்த மூன்றாவது பாட்டில் கடைசிவரை தொங்கவேயில்லை. லுஹெண்டே இன்றைக்கும் மூன்று என்றுதான் சொல்கிறான்.

சில வருஷம் கழித்து அவன் ஹோலோவைக் கூட்டிவந்தான். இருபது வயதுகூட நிறையாத பெண். மிலெம்பே ஏன் என்று கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: “தப்பா எடுத்துக்காத. வீட்டுக்கு ஒரு கை வேணுமில்ல?”

ஹோலோவுக்கு நல்ல கை. வந்த சில நாளிலேயே மீன் வீசக் கற்றுக்கொண்டாள். சிரிக்கும்போது இரண்டு உள்ளங்கையையும் படபடவென்று தட்டிக்கொண்டு சிரிப்பாள். மூத்தவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் களிப்பானையை இறக்கும்போது, “நீங்க விடுங்க அக்கா, உங்களால ஆகாது,” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வாள். சக்களத்தி என்றால் அப்படித்தான் என்று மிலெம்பே விட்டுவிட்டாள்.

போன மழைக்குப் பிறகு ஹோலோவுக்குக் காய்ச்சல் வந்தது. லுஹெண்டே அவளையும் தோளில் தாங்கி அதே கடைக்குப் போனான்.

“அஞ்சு பாட்டில்!” என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வியந்தார்கள். ஒருத்தி மிலெம்பேயைப் பார்த்துக் கண்ணடித்தாள். “உனக்கு மூணோட நிறுத்திட்டான் பாரு. அப்போ உன் எடை அவ்வளவுதான் போல.”

“அப்போ பாட்டில் சின்னதா இருந்தது,” என்றாள் மிலெம்பே. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஹோலோவுக்கு அதில் மூன்று பாட்டில் ஏறியது. காய்ச்சல் விட்டது. நிலா வந்தது. ஜிலாலா கடையைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனான். ஹோலோவின் வலது புறங்கையில் வாசல் நின்றது.

மிலெம்பே அதைப் பார்த்தாள். பிளாஸ்திரியின் ஓரத்தில் மீன் செதிள் ஒட்டியிருந்தது.

“ஹோலோ, இங்க வா. அதை எடுத்துடு. சர்க்கார் டிஸ்பென்சரிக்குப் போனா நர்ஸ் எடுத்து விடுவாங்க.”

“ஏன் அக்கா? இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு.”

“காய்ச்சல்தான் போயிடுச்சே. வாய் நல்லாத்தானே இருக்கு? தண்ணிய வாயால குடி.”

ஹோலோ புருவத்தை உயர்த்தினாள். “அவரு எனக்கு வாங்கினதை நீங்க ஏன் அக்கா எடுக்கச் சொல்றீங்க?”

மிலெம்பே திரும்பிவிட்டாள். இருக்கட்டும், என்று நினைத்தாள். அவளுக்கும் மடங்கட்டும். அப்புறம் இன்னொரு கை தேடி எங்கே போவான் என்று பார்க்கலாம். இந்த நினைப்பு அவளுக்கு இனிப்பாகவே இருந்தது. அன்று முழுவதும் அதை வாயில் போட்டுக்கொண்ட மாதிரியே வேலை செய்தாள்.

நிலாக் காலமானாலும் பக்கத்துத் தீவிலிருந்து யாரோ கொஞ்சம் மீன் இறக்கியிருந்தார்கள். மறுநாள் காலை பெண்கள் அதை வாங்கிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மிலெம்பே குச்சியால் தன் குவியலைக் கலைத்துக்கொண்டிருந்தவள் ஏதோ தோன்றித் தலையைத் தூக்கினாள். சற்றுத் தள்ளி ஹோலோ நின்றாள். வலது கை மேல்துணிக்குள் இருந்தது. இடது கையால் மீனை அள்ளி வீசினாள். அது குவியலாக விழுந்தது. ஹோலோ சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, காலால் அவசரமாக அதைக் கலைத்தாள்.

மிலெம்பேயின் வாயிலிருந்த இனிப்பு போய்விட்டது. குச்சியைப் போட்டுவிட்டு நேரே போய் அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நட.”

“எங்கே? விடுங்க அக்கா!”

“துணிய விலக்கு. பாக்கறேன்.”

ஹோலோ விலக்கவில்லை. மிலெம்பேயே தன் மடங்கிய கையால் துணியைத் தள்ளினாள். புறங்கை வீங்கிப் பளபளத்தது. அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு முன்கையில் ஏறத் தொடங்கியிருந்தது.

“வலிக்குதா?”

“இல்ல.”

“எனக்கும் இப்படித்தான் வலிக்கல,” என்று சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கரை முழுவதும் வேடிக்கை பார்த்தது. “பாருங்கடி, மூத்தது இளையதைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போகுது!” என்று ஒருத்தி கத்தினாள். “அஞ்சு பாட்டில் வயித்தெரிச்சல்!” என்றாள் இன்னொருத்தி. மிலெம்பே பிடியை விடவில்லை. அவளிடம் மிச்சமிருந்த ஒரு கைக்கு நல்ல பலம் இருந்தது.

டிஸ்பென்சரியில் நர்ஸ் வெகேசா அதைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினாள்.

“தண்ணி தொங்கலன்னா இது எதுக்கும்மா கையில? நல்ல தண்ணி போக வச்ச வழியில இப்போ என்ன போயிட்டிருக்கு தெரியுமா? மீன் கழுவின தண்ணி.”

தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி உறை மாட்டிக்கொண்டு வந்தாள். பிளாஸ்திரியை நனைத்து மெதுவாக உரித்தாள். பஞ்சை மேலே வைத்துக் குழாயை உருவி, அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். உருவிய குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, நுனி முழுசாக இருக்கிறதா என்று பார்த்தாள். குத்திய இடத்தில் சீழ் ஒரு சொட்டு வந்தது. பிறகு பேனாவால் சிவப்பைச் சுற்றிக் கோடு போட்டாள்.

“சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினாலோ நடுக்கம் வந்தாலோ யாரையும் கேக்காம ஓடி வா. நான் தர்ற மாத்திரைய நடுவுல நிறுத்தாத. நாளைக்கு நான் பாக்கணும். நல்லவேளை, கை இன்னும் உன் கையாத்தான் இருக்கு.”

ஹோலோ அழுதாள். வலியால் இல்லை. “அவரு என்ன சொல்லுவாரோ,” என்றாள்.

“என்ன சொன்னாலும் காதாலதான் கேக்கப் போற. கைக்கு ஒண்ணும் ஆகாது,” என்றாள் மிலெம்பே.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஹோலோ டிஸ்பென்சரிக்குப் போனாள். சிவப்பு அந்தப் பேனாக் கோட்டைத் தாண்டவில்லை. மெல்ல உள்வாங்கி மறைந்தது.

லுஹெண்டே சொன்னதை எல்லோரும்தான் கேட்டார்கள். வலை பழுதுபார்க்கும் இடத்தில் எழுந்து நின்று கத்தினான். “உனக்கு மூணு தொங்கவிட்டேன். அவளுக்கு அஞ்சு. அது பொறுக்கல உனக்கு! நான் திறந்த வாசலைச் சாத்த நீ யாருடி?”

“அவளையே கேளு. கையைப் பாத்துட்டுக் கேளு,” என்றாள் மிலெம்பே.

எல்லோரும் ஹோலோவைப் பார்த்தார்கள். ஹோலோ மணலைப் பார்த்தாள்.

“அக்காதான் இழுத்துட்டுப் போனாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அன்றிலிருந்து அந்தக் கரையில் அவளுக்கு ‘வாசலைச் சாத்தினவ’ என்று பெயர். தண்ணீர்க் குழாயடியில் யாருக்காவது காய்ச்சல் என்ற பேச்சு வந்தால், “அவ வர்றா, கையை ஒளிச்சுக்கங்கடி,” என்பார்கள். நிலா போய் இருட்டு வந்ததும் ஜிலாலா கடையைத் திறந்தான். மிச்சமிருந்த இரண்டு பாட்டிலை லுஹெண்டே வேறு யாருக்கோ விற்றுவிட்டான். ஐந்து என்று சொல்வதை மட்டும் விடவில்லை.

இப்போதும் இருவரும் ஒரே மணலில்தான் மீன் காயப்போடுகிறார்கள். ஹோலோ வலது கையால் வீசுகிறாள். மீன் விசிறியாக விழுகிறது. மிலெம்பே குனிந்து தன் குவியலைக் கலைத்துக்கொண்டிருப்பாள். அப்போது பின்னால் யாராவது அந்தப் பெயரைச் சொல்வார்கள். சிரிப்புக் கிளம்பும். எல்லாச் சிரிப்புக்கும் மேலே ஹோலோவின் சிரிப்புக் கேட்கும். அதோடு இரண்டு முழு உள்ளங்கைகள் சேர்ந்து படபடவென்று தட்டுகிற சத்தமும் கேட்கும்.