கரும்புக்காட்டு நாவல்காரியும் காஜா பேராங் சமையலறையும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அந்த நாவலாசிரியையைப் பார்க்க இருபத்துநாலு மைல் போன நான், அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது, புத்தகமோ இங்கிலீஷ். எங்கள் ரப்பர்த் தோட்டத்து நர்ஸ் மேரிதான் என் விரலுக்கு மருந்து கட்டும்போது கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாள். மிச்சக் கதைக்காகவே நான் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியில் விரலைக் கொடுத்தேன் என்று இன்னமும் சொல்லித் திரிகிறாள்.

மேற்கிந்தியத் தீவில் கரும்பு வெட்டும் ஒரு கறுப்புப் பெண், ஆண்களுக்குச் சமமாகக் கூலி கேட்டு எழுந்து நிற்கும் கதை. எழுதியவரும் கறுப்பினப் பெண்மணி. பெண்களுக்காகக் கூட்டம் போட்டுப் பேசிச் சிறைக்கும் போனவராம். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருசம் அவர் மலாக்கா வருகிறார் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு எங்கள் தோட்டத் தொழிற்சங்கக் கூட்டத்தில் அதே கூலிக் கேள்வியை நான் கேட்பதாக ஏற்பாடு. அதுவரை அங்கே ஒரு பெண்ணும் வாய் திறந்ததில்லை. கிண்டலுக்குத்தான் எனக்கு வாய். கூட்டம் என்றால் நடுக்கம்.

எங்கள் பக்கத்து ஊர் தம்பினில் காலை ஏழு மணி பஸ், ஒரு மணி நேரத்தில் மலாக்கா. அங்கிருந்து திரிஷா, அதாவது மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி.

"என்னா தங்கச்சி, கல்யாணத்துக்கா?" என்றார் ஓட்டியவர்.

"ஆமாண்ணே. மாப்பிள்ளை நீங்கதான்னாங்க."

அப்புறம் கூட்டம் நடக்கும் காஜா பேராங் பகுதி வரை மனிதர் பறந்து பறந்து மிதித்தார்.

அவர் பேசும் கூட்டம், தலைமுறைகளாக அங்கேயே வேரூன்றிய மலாக்காச் செட்டி ஒருவர் வீட்டில். சாமி படமெல்லாம் நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். முன்னறை நாற்காலி முழுக்க ஆண்கள். விசேஷ வீட்டுக்குள் நுழைந்தால் நாம் எங்கே போவோம்? நேரே அடுப்படிக்குப் போனேன். வீட்டுக்காரம்மா கமலா டீச்சர் "அக்கா" என்று சிரித்துத் தேங்காய்த் துருவியைத் தள்ளினார். துருவினேன். முன்னறையில் பலத்த கைதட்டல் கேட்டபோதுதான், பேச்சே முடிந்துவிட்டது என்று உறைத்தது.

அழுகை வந்தது. அதற்குள் அடுப்படி வாசலில் உயரமாக அந்த நாவலாசிரியையே வந்து நின்றார்.

"பெண்களெல்லாம் எங்கே போனீர்கள் என்று கேட்கிறார்," என்று அவருடைய இங்கிலீஷை டீச்சர் மலாயில் சொன்னார். வந்தவர் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, துருவிய தேங்காயை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

டீச்சர் வழியாக எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்: "முதல் தடவை எழுந்து பேசுனப்ப பயமா இல்லையா?"

"கால் நடுங்கியது. மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்," என்றார். "இன்றைக்கும் அப்படித்தான் பேசினேன்," என்று வாய்விட்டுச் சிரித்தார்.

பதினைந்து வருசம் ஓடிவிட்டது. இன்றைக்கும் தேங்காய் துருவினால் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்கிறது. காஜா பேராங் போகிறவர்கள் நாலு வார்த்தை மலாய் கற்றுக்கொண்டு போங்கள். எந்த வீட்டிலும் முதலில் நாற்காலியில் உட்காருங்கள். அடுப்படி எங்கேயும் ஓடிவிடாது.

சங்கக் கூட்டம் நடந்த அந்த ஞாயிறு நான் எழுந்தேன். மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேள்வியை முழுதாகக் கேட்டேன். மேசைக்கு ஒரு கால் முன்பே ஆடிக்கொண்டிருந்ததாம், என் பிடியில் அது தலைவர் பக்கம் சாய்ந்தது. சம கூலித் தீர்மானம் நிறைவேறியது. தலைவர் அதை நின்றுகொண்டே வாசித்தார். அவர் வேட்டியெல்லாம் தேநீர்.