வாந்தி நின்ற பிறகு

நகரப் பேருந்து ஓட்டும் அவளுக்குப் பணிமனையில் ஹாரன் அக்கா என்று பெயர். ஜன்னலில் தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தால் எதிரே நிற்கும் லாரி தானாக ஒதுங்கும். அண்ணன் வீட்டு மாடியறையில் தனியாக இருந்தாள். அண்ணனின் மூன்று வயது மகளுக்குக் குதிரையும் ஊஞ்சலும் அவள்தான்.

அன்று காலைப் பணி முடித்து மதியம் வீடு திரும்பியபோது அண்ணி நிறைமாத வயிற்றோடு களைத்துச் சாய்ந்திருந்தாள். காலையிலிருந்து குழந்தைக்கு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பேதி. பால் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, இப்போது எல்லாம் நின்றுவிட்டது என்றாள். குழந்தையும் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டு ஓடி வந்தது. ஹாரன் அக்காவுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, கை கால் கழுவக் குளியலறைக்குப் போகும்வரை.

வாளியில் ஊறிய குழந்தையின் கவுனில் காப்பித்தூள் போலக் கருந்துகள்கள். பால் வாந்தி கறுக்குமா? குனிந்து பார்த்தாள். மிட்டாய்த் தோல் மாதிரி ஒரு சிவப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. கவுனோடு ஓடி வந்தாள்.

"அண்ணி, நீங்க போடுற அந்தச் சிவப்பு இரும்பு மாத்திரை எங்க?"

அலமாரியில் இல்லை. கட்டிலுக்கடியில் கிடந்தது. நேற்று வாங்கிய அட்டை; பாதிக்கு மேல் காலி. அண்ணிக்கு முகம் வெளுத்தது. ஆனாலும், அதுதான் வாந்தியில் போயிருக்குமே, பிள்ளை நன்றாக விளையாடுகிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள்.

அதற்குள் ஹாரன் அக்கா மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போன் போட்டிருந்தாள். எடுத்த நர்ஸ், இரும்பு மாத்திரை, கறுப்பு வாந்தி என்றதுமே இடைமறித்தாள்.

"இப்ப விளையாடுதுன்னு ஏமாந்துடாதீங்க. வாந்தி நின்னு தெளிஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள அது வேலையைக் காட்டிக்கிட்டே இருக்கும். உடனே கிளம்புங்க. அட்டையையும் கொண்டாங்க."

அண்ணனின் பழைய கார் அப்படிப் பறந்ததே இல்லை. பின்சீட்டில் அண்ணியின் மடியில் குழந்தை பாடிக்கொண்டே வந்தது. பெரிய சிக்னலைத் தாண்டும்போது பாட்டு நின்றது.

"கை ஜில்லுன்னு ஆயிடுச்சு. கண்ணு சொக்குது," என்றாள் அண்ணி.

ஹாரன் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையோட பேசிக்கிட்டே இருங்க என்று மட்டும் சொல்லி, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

டாக்டரம்மா வாசலிலேயே காத்திருந்தார். எக்ஸ்ரேயில் கரையாத மாத்திரைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. ரத்தத்தில் இரும்பு எகிறியிருந்தது. குடலைக் கழுவினார்கள். இரும்பைப் பிடித்து வெளியே தள்ளும் மருந்து நரம்பு வழியாக ஏறியது. சிறிது நேரத்தில் சிறுநீர் செங்கல் கரைத்த நிறத்தில் இறங்க, அண்ணி ரத்தமென்று பதறினாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்: உள்ளே போன இரும்புதான் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி.

இரண்டு நாள் கல்லீரலைக் கண்காணித்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. மூன்றாம் நாள் குழந்தை கண் விழித்ததும் தன் கார் எங்கே என்று கேட்டது. ஹாரன் அக்கா பொம்மைக் காரை எடுத்து வர வீட்டுக்கு ஓடினாள்.

பிரசவம்வரை அண்ணி மாத்திரையை நிறுத்தவில்லை. ஆனால் அட்டை மாடியறைப் பெட்டிக்குள் போய்விட்டது. தினமும் ஒன்று மட்டும் கீழே இறங்கி வந்தது, ஹாரன் அக்காவின் உள்ளங்கையில்.