இஞ்சியாகப் பதிவான ஏலம்

போன பங்குனியில் எங்கள் படுதாக்குளத்தில் ஒரே ஒரு முறை பாய்ச்சத்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டத்துச் சரிவில் குழி வெட்டி, படுதா விரித்துப் பிடித்து வைத்த மழைநீர். இப்போதே விட்டு, மறுநாள் மழை பெய்தால் தண்ணீர் வீண். விடாமல் இருந்து மழையும் ஏமாற்றினால் காய் பிடிக்க வேண்டிய சரங்கள் கருகிவிடும்.

முடிவு சொல்லும் வேலையை ஒரு செயலியிடம் விட்டிருந்தேன். நட்ட தேதி, மண், கடைசியாகப் பாய்ச்சிய நாள் எல்லாம் கொடுத்தால், வெயிலையும் வரப்போகும் மழையையும் கணக்கிட்டு, வேரடி ஈரம் எதுவரை தாங்கும் என்று சொல்லும். தேதி குறித்து வைப்பதில் எனக்குள்ள கிறுக்குக்கு அது தோதான துணை. ஆனால் அதன் பயிர்ப் பட்டியலில் ஏலம் இல்லை. ஏலமும் இஞ்சியும் ஒரே தாவரக் குடும்பம் என்று படித்திருந்ததால், இஞ்சி என்று பதிந்தேன். மாசி முழுக்க ஒழுங்காகத்தான் பேசியது.

குளம் அடிமட்டத்துக்கு வந்த வாரம் பார்த்து, "பயிர் முற்றிவிட்டது. பாசனத்தை நிறுத்திக் கிழங்கைத் தோண்டவும்" என்றது.

தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் சோலி என் மனைவியின் தம்பியுடையது. போனை வாங்கிப் படித்தான்.

"கடப்பாரையக் கொண்டாரவா மச்சான்? வெரசாத் தோண்டுனா மத்தியானமே இஞ்சித் தொவையல் அரைச்சிரலாம்."

"சும்மா இரு மாப்ளே. நட்ட தேதிய மாத்திப் பாக்குறேன்."

"நீங்களா? எங்கக்காவப் பொண்ணு பாக்க வந்தப்ப காப்பி குடுத்த நேரத்தையே எழுதி வச்ச ஆளு, பொய்த் தேதி போடப் போறீங்களா?"

போட்டேன். வேறு வழியில்லை. முற்றிய இஞ்சி இளம் இஞ்சியானது. வெள்ளிக்கிழமை மழைக்கு வாய்ப்பு உண்டு, அதுவரை ஈரம் தாங்கும் என்றது செயலி.

வாடத் தொடங்கியிருந்த ஒரு சரத்தை அவன் தூக்கிக் காட்டினான்.

"இதுட்டயும் ஒரு வார்த்த கேட்டீங்களா? சரி, வெள்ளிக்கெழம பொழுது சாயற வரைக்கும் பாப்பேன். மழை இல்லேன்னா மோட்டாரப் போட்ருவேன்."

வெள்ளியன்று நான் கீழே போடியில், வீட்டில் இருந்தேன். இங்கே வானம் பளிச்சென்று இருந்தது. மலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கல். பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது. அவன் குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சல்.

"மோட்டாரப் போட்டுட்டியா மாப்ளே?"

"மோட்டாரா? கொட்டகைத் தகரத்துல மழை அடிக்கிது மச்சான்! உங்க இஞ்சி பொழச்சிருச்சு. தேதியக் குறிச்சுக்கங்க. இந்தத் தடவையாவது நெசத் தேதியாப் போடுங்க."