ஓடப்போன நடைக்காரர்

பள்ளிப் பேருந்து நிற்கும் முனை கண்ணில் பட்டதுமே அவர் குனிந்துவிடுவார். ஷூ லேஸ் அவிழ்ந்திருக்காது. அவிழாத முடிச்சை அவிழ்த்து, மறுபடி இறுக்கி, எழும்போது வேறு ஆளாக எழுவார். அதுவரை இடுப்பு உருள, முழங்கை மடங்க, முழங்கால் கம்பிபோல நிமிர, சாலையைக் காலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தவர், அங்கிருந்து கடைக்கு உப்பு வாங்கப் போகிறவரைப்போலத் தொளதொளவென்று நடப்பார். முனையைத் தாண்டி, மருந்துக்கடைப் படியும் தாண்டிய பிறகுதான் இடுப்பு மறுபடி உருளும். அந்த முனையில் சீருடையோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் ஒருத்தி அவர் மகள்.

பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் வேலை. வேகநடைப் போட்டியில் வாங்கிய பதக்கங்களைக் காட்டித்தான் அந்த வேலையே கிடைத்தது. பதக்கங்கள் வீட்டில் இல்லை. பணிமனை அலமாரியில், டயர் நெம்பும் கடப்பாரைகளுக்கு அடியில், கிரீஸ் துணியில் சுற்றிக் கிடக்கின்றன. அங்கே அவருக்கு 'வாத்து' என்று பெயர். இளையவர்கள் மரியாதையோடு 'வாத்தண்ணே' என்பார்கள். மரியாதை 'அண்ணே'யில் இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்வார்.

அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மழை பிடித்துக்கொண்டால் கொட்டகைக்கு எல்லாரும் தலைதெறிக்க ஓடுவார்கள். அவர் மட்டும் விறுவிறுவென்று நடந்து, நனைந்து வந்து சேருவார். "ஓடினா அட்டை காட்டிருவாங்கப்பா" என்பார். பாதி வேடிக்கை, பாதி நிஜம். வேகநடையில் ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னே வைக்கும் காலின் முழங்கால் மடங்கக் கூடாது. சாலையோரம் நடுவர்கள் நிற்பார்கள். சந்தேகம் வந்தால் கைப்பிடி வைத்த மஞ்சள் வட்ட அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அது எச்சரிக்கை. அதற்கும் அடங்காவிட்டால் சிவப்பு. வெளியே போக வேண்டியதுதான். வாழ்க்கையின் பெரிய போட்டியில், முடிவுக்கோடு தெரிகிற தூரத்தில், அவர் அப்படி வெளியே போனவர். அதற்குப் பிறகு மஞ்சள் எங்கே தெரிந்தாலும் அவர் கால்கள் மண்ணைக் கவ்விக்கொள்ளும்.

பார்க்கிறவர்களுக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. ஓர் ஆண் இடுப்பை ஆட்டி நடக்கிறான் என்பது மட்டும் தெரியும். ஆணின் இடுப்பு அசைந்தால் உலகம் கவிழ்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நம்மில் பாதிப் பேர். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேருக்குப் பயந்து சிரிப்பவர்கள். இடுப்பை உருட்டினால் காலடி நீளும் என்பது எலும்பும் மூட்டும் சேர்ந்து போட்ட கணக்கு. அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆனால் கணக்குத் தெரியாத தெருவில், கணக்குப் போட்டவர்தான் தலை குனிகிறார்; ஷூ லேஸ் ஒரு சாக்கு.

மகள் பள்ளியில் என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்பது பெற்றோர் கூட்டத்தில்தான் தெரிந்தது. வகுப்பாசிரியை எழுந்து நின்றே கைகூப்பினார்.

"நீங்க பெரிய ஓட்டக்காரராமே! பசங்களுக்கு ஒரு நாள் வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

பக்கத்தில் மகள் தரையில் எதையோ தொலைத்தவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"ஏதோ ஓடுவேங்க" என்றார் அவர்.

வீடு திரும்பும்போது தெருமுனையில் மகள், "சாரிப்பா" என்றாள். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் முன்னே நடந்தார், உப்பு வாங்கப் போகிறவர் நடையில்.

அந்த வருடமே பணிமனை விளையாட்டுச் செயலாளர் அவரைக் கூப்பிட்டார். செயலாளர் மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவர்.

"நடைப் போட்டியத் தூக்கியாச்சு. பாக்க ஆள் வர்றதில்ல. வர்றவனும் சிரிக்கத்தான் வர்றான். நீங்க பத்து கிலோமீட்டர் ஓடிருங்க. மூணு பேருக்குள்ள வந்தா காலைப் பயிற்சிக்கு விடுற நேரம் அப்படியே இருக்கும்."

"எனக்கு ஓட வராதுங்களே."

"என்னய்யா பேசுறீங்க? நடக்கத் தெரிஞ்சவனுக்கு ஓடத் தெரியாதா? ரெண்டுக்கும் கால்தானே?"

வெளியே வந்து சொன்னதும், கூட வேலை பார்க்கும் ஃபிட்டர் தம்பி கொதித்தான். "காய் நறுக்குறவன்கிட்ட சவரம் பண்ணிக்குவீங்களா, ரெண்டுக்கும் கத்திதானேன்னு கேக்க வேண்டியதுதானேண்ணே?"

அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். உடம்பில் பாதி ஆயுள் ஊறிய ஒரு தொழிலை, படியேற மூச்சு வாங்கும் ஒருவர் ஒரு வரியில் அழிப்பதற்குப் பெயர் நிர்வாகம் இல்லை. ஆனால் அவர் வாயை அடைத்தது பயம்கூட அல்ல, சந்தோஷம். ஓட்டக்காரர் ஆகிவிட்டால் மகள் சொன்னது பொய்யாக இருக்காது. அந்தச் சந்தோஷம் வந்ததுமே, கூடவே காது மடல் சுட்டது. இருபது வருடம் சோறு போட்ட நடையை வழியனுப்ப ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லையே என்று. நடைக்கு வாங்கிய ஷூவைக் கடப்பாரைகளுக்கு அடியில், பதக்கங்களுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு அலமாரியைப் பூட்டினார்.

தையல் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவிக்குச் சிரிப்பு. "இத்தனை வருஷமா நடந்தே என்னைப் பிடிச்சீங்க. ஓடியிருந்தா தாண்டிப் போயிருப்பீங்க."

நடைக்காரர் ஓட முடியுமா என்று கேட்டால், முடியும். மூச்சு அவரை ஏமாற்றவில்லை. இதயம் எந்தப் பந்தயம் என்று கேட்டு அடிப்பதில்லை. முதல் மாதம் தொடை முனகியது, பிறகு பழகிக்கொண்டது. பழகாதது ஒன்றே ஒன்று. இரண்டு காலும் தரையை விடும் அந்தக் கணத்தில் அவர் திரும்பிப் பார்ப்பார். பக்கத்தில் சைக்கிளில் வரும் ஃபிட்டர் தம்பி, "என்னண்ணே, நாய் துரத்துதா?" என்பான்.

"இல்லப்பா, யாரோ பாக்குற மாதிரி இருந்துச்சு."

"பாக்கட்டுமேண்ணே. நீங்க என்ன திருடிக்கிட்டா ஓடுறீங்க?"

அப்படித்தான் இருந்தது அவருக்கு.

போட்டிக்கு முந்தைய நாள் மகள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். "நாளைக்கு நானும் வரட்டுமாப்பா? என் ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேரு பாக்கணும்னாங்க." பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கேட்டதில்லை. அவர் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். ஓடும்போது போடுவது பனியன்தான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

பணிமனையைச் சுற்றிய சாலையில் ஓட்டம். ஒவ்வொரு சுற்றிலும் வாசலைத் தாண்டும்போது மகளும் தோழிகளும் தெரிந்தார்கள். முதல் சுற்றில் மகள் லேசாகக் கையசைத்தாள். அடுத்த சுற்றுகளில் கூச்சம் விட்டுக் கத்தினாள்: "அப்பா! அப்பா!" கடைசிச் சுற்றுக்கு வரும்போது அவர் மூன்றாவது ஆள். நான்காவது ஆளின் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் மறந்து ஓடினார். வாழ்க்கையில் முதல்முறையாக, இரண்டு கால்களும் காற்றில் இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

வாசலில் ஒரு பேருந்து வெளியே வர உறுமிக்கொண்டிருந்தது. ஓடி வருகிறவருக்கு வழி வேண்டுமே என்று காவலாளி பேருந்தை மறித்து அட்டையைத் தூக்கினார். போட்டிக்கென்று புதிதாகச் செய்த அட்டை. கைப்பிடி வைத்தது. வட்டம். மஞ்சள்.

அவர் நடந்தார்.

கட்சி மாறியவன் பழைய கொடியைக் கண்டதும் தன்னை அறியாமல் கை தூக்குவதுபோல, உடம்பு தானாகத் தாழ்ந்தது. முழங்கால் நிமிர்ந்தது, இடுப்பு உருண்டது, முழங்கைகள் மடங்கி விலாவில் உரசின. நடை என்று பார்த்தால் அப்பழுக்கற்ற நடை. எந்த நடுவரும் குறை சொல்ல முடியாது. வாசலில் நின்ற கூட்டம் ஒரு கணம் திகைத்தது, பிறகு "டேய், வாத்துடா!" என்று ஒரு குரல், அதன் பின்னால் அத்தனை பேரின் சிரிப்பும். ஒருவர் தாண்டினார். இன்னொருவர் தாண்டினார். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. நடுவர் எங்கே நிற்கிறார் என்று கண் தேடிக்கொண்டிருந்தது. தேடிய கண்ணில் பட்டது மகளின் முகம். அவள் கத்தவில்லை.

"அண்ணே, ஓடுண்ணே! இது ஓட்டம்ணே!" ஃபிட்டர் தம்பி தொண்டை கிழியக் கத்தினான்.

ஓடினார். மூன்றாம் இடம் போய்விட்டிருந்தது.

முடிவுக்கோட்டில் மகள் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். தோழிகள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியால் அடக்க முடியவில்லை.

"உங்கப்பா ஏண்டி அப்படி நடந்தாரு?"

மகள் திரும்பவே இல்லை. பாட்டிலை நீட்டியபடி அவரையே பார்த்தாள்.

"கால் பிடிச்சுக்கிச்சு. இல்லப்பா? இடது கால்தானே? போன வாரமே வலிக்குதுன்னு சொன்னீங்கல்ல."

போன வாரம் அவர் எதுவும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்தார். குடித்து முடிக்கும்வரை நேரம் இருந்தது, உண்மையைச் சொல்ல.

"ஆமாம்மா" என்றார். "இடது."

சொன்ன பிறகு சும்மா நடக்க முடியுமா? ஃபிட்டர் தம்பியின் தோளைப் பிடித்து நொண்டத் தொடங்கினார். "எப்பண்ணே பிடிச்சுச்சு?" என்றான் அவன். "பேசாம வாப்பா" என்றார். அவர்கள் போன வழியெங்கும் கூட்டம் விலகியது. சற்றுமுன் 'வாத்து' என்று கத்தியவனே நாற்காலி எடுத்துப் போட்டான். செயலாளர் ஓடாத குறையாக வந்தார். "கால் பிடிப்பா? சொல்றதுக்கென்ன? சரி, சரி, ஆறட்டும். அடுத்த தடவை பாத்துக்கலாம். அதுவரைக்கும் பயிற்சி நேரத்துக்கு ஒண்ணும் ஆகாது." விதி பிசகாமல் நடந்தபோது சிரித்த ஊர், பொய்யாக நொண்டியபோது பரிதாபப்பட்டது. இருபது வருடத்தில் அந்த ஊர் அவர் நடையைக் கேலி செய்யாமல் வழிவிட்டது அதுவே முதல் தடவை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். வலி தாங்கவில்லை என்று நினைத்து யாரோ ஐஸ் கொண்டு வந்தார்கள்.

வீட்டில் மகள் சாப்பிடும்வரை நொண்டினார். அவள் படுத்த பிறகு மனைவி தைல டப்பாவை அவர் முன்னால் வைத்தாள்.

"எந்தக் கால்னு எனக்குத் தெரியாது. நீங்களே தேய்ச்சுக்குங்க."

டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கால் சரியில்லை என்று பயிற்சிக்குப் போகவில்லை. ஆனால் வேலைக்கு அந்த முனை வழியாகத்தான் போக வேண்டும். பேருந்து வந்து நின்றிருந்தது. பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் தோழிகள் இருவரும் முன்னே, மகள் பின்னே. அவர் நொண்டிக்கொண்டே வந்தார். ஒரு தோழி பார்த்துவிட்டு, "இப்ப எப்படி இருக்கு அங்கிள்?" என்று கேட்டாள். நிஜமான கரிசனம். "பரவால்லம்மா" என்று சிரித்தார்.

மகளும் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தை அல்ல, காலை. பிறகு தோழிகளின் முதுகை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். தலையைத் திருப்பாமல், புத்தகப் பையின் மறைவில், தன் இடது முழங்காலை இரண்டு தடவை தட்டிக் காட்டினாள்.

அவர் நின்றார். குனிந்து, அவிழாத லேஸை அவிழ்த்து, இறுக்கி, எழுந்து, இடது காலால் நொண்டத் தொடங்கினார்.