முதல் வரியில் எழுதிய பெயர்

மார்கழி விடியலில் என்னோடு வரிசையில் நின்று பாடும் அக்கா தங்கைகளுக்கு மம்சாபுரம் செண்பகம் எழுதுவது. ஆளுக்கு ஓர் அனுபவம் எழுதித் தரச் சொன்னீர்கள். மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். எல்லோரும் கண்ணீர் விட்டு வேண்டியிருக்கிறீர்கள். நான் சண்டை போட்டு வேண்டினேன். சாபமும் விட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள்.

எனக்கு மூச்சிரைப்பு வந்தது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதத்தில். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பகுதியில் வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே இருக்க வேண்டும், அறுந்த நூலை முடிச்சுப் போட வேண்டும். காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. முதலில் இருமல்தான் வந்தது. பிறகு மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைத்தது. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தத் தூசியை விட்டு வெளியே வராவிட்டால் மருந்து போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து எங்கே போவது? அதை அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தாளும் பாஸ். பாக்கி நின்றது கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வு ஒன்றுதான். அலுவலகக் கடிதம் அடிப்பது, எக்ஸலில் பட்டியல் போடுவது, ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அவரவர் பெயரும் ஊரும் போட்டுக் கம்ப்யூட்டரே அச்சடிக்கும்படி செய்வது. இந்தக் கடைசி வேலைக்கு மெயில் மெர்ஜ் என்று பெயர். நான் விழுந்தது அதில்தான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

ஏன் விழுந்தேன் என்று சொன்னால் உங்களில் பாதிப் பேர் என் பக்கம் பேசுவீர்கள். நம் வீடுகளில் எதை எழுதினாலும் முதலில் சாமி பேர். பலசரக்குச் சீட்டானாலும் சரி, பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டரானாலும் சரி, மேலே 'ஸ்ரீ ஆண்டாள் துணை' என்று போடாமல் பேனா நகராது. பயிற்சி வகுப்பில் பட்டியலை ஆயத்தமாகவே கொடுத்திருந்தார்கள். தேர்வில்தான் முதன்முதலாக நானே பட்டியல் போட்டேன். எக்ஸலைத் திறந்தவுடன் கை தானாகப் போனது. முதல் வரி முதல் கட்டத்தில் இங்கிலீஷ் எழுத்தில் ஆண்டாள் பேரை அடித்தேன். வரிசை எண், பெயர், ஊர் என்ற தலைப்புகளை இரண்டாவது வரியில் போட்டேன்.

கம்ப்யூட்டருக்கு முதல் வரியில் என்ன இருக்கிறதோ அதுதான் தலைப்பு. கடிதத்தில் பெயரைச் சேர்க்கலாம் என்று தேடினால் 'நேம்' என்பதே இல்லை. ஆண்டாள் பேர் இருக்கிறது, அதற்குக் கீழே எஃப் டூ, எஃப் த்ரீ என்று என்னவோ இருக்கிறது. தேடித் தேடியே நேரம் முடிந்தது. மெஷின் கோளாறு என்று நினைத்து வீட்டுக்கு வந்து அழுதேன்.

எங்கள் படிப்பு மையம் ராஜபாளையத்தில். கம்ப்யூட்டர் சொல்லித் தருபவர் ராஜேஸ்வரி மிஸ். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் தெலுங்கில் முணுமுணுப்பார், அது நம்மைத்தான் என்று புரியும். சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த வகுப்பில் அதே மாதிரி மறுபடி பட்டியல் போட்டேன். என் திரையை ஒரு நிமிடம் பார்த்தார். முதல் வரியில் தலைப்பு மட்டும்தான் இருக்க வேண்டும், மற்றதை எடுங்கள் என்றார்.

“சாமி பேரை நான் எடுக்க மாட்டேன் மிஸ்.”

“அப்ப மார்க்கையும் சாமிகிட்டயே வாங்கிக்கோங்க.”

முப்பது பேருக்கு முன்னால் சொன்னார். எல்லாம் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. நீங்கள் கும்பிடாவிட்டால் போங்கள், கும்பிடுகிறவளைத் தடுக்க வேண்டாம் என்று நாக்கில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் ஆகாது.

எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, உங்களுக்கே தெரியும். இரண்டாவது தேர்வுக்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். எஃப் டூ என்றால் பெயர், எஃப் த்ரீ என்றால் ஊர் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். ஆண்டாள் பேர் முதல் வரியில் அப்படியே இருக்கட்டும், நானும் பாஸ் ஆகிக் காட்டுகிறேன் என்று போனேன். கடிதங்கள் அச்சாகி வந்தன. நாற்பதுக்குப் பதில் நாற்பத்தொன்று. தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முதல் கடிதத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தார். 'டியர் மிஸ்டர் நேம்' என்று இருந்தது. நான் இரண்டாவது வரியில் போட்ட தலைப்பை, பாழாய்ப்போன கம்ப்யூட்டர் ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அவர் சிரித்தார், அறையே சிரித்தது. ராஜேஸ்வரி மிஸ் மட்டும் சிரிக்காமல் மார்க் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். சிரிக்காததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டில்கூட பிள்ளைகள் என்னை 'மிஸஸ் நேம்' என்றார்கள்.

அந்த ஐப்பசியில் மில் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் ஆபீசில் இருப்பவர் தை பிறந்ததும் ஓய்வு பெறுகிறார், பி.காம் முடித்துவிட்டால் அந்த நாற்காலி உனக்கு, இல்லையென்றால் வெளியாளைப் போடுவோம் என்றார். கண்ணாடிக் கதவு போட்ட அறை. தூசி வராது. மார்கழித் தேர்வு ஒன்றுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் வத்திராயிருப்பிலிருந்து தேங்காய் லோடு அடிப்பவர். அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார்.

“எம்புட்டு நாளைக்கு இப்படி இழுத்துக்கிட்டுக் கெடப்ப? அந்த மிஸ்ஸு சொல்லுததைத்தான் செத்தக் கேளேன் ஏட்டி.”

எனக்கு அவர் மேலேயும் கோபம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று இன்ஹேலர் அடித்தேன். ஆண்டாள் முன்னால் நின்றேன். பூ வாங்கவில்லை, விளக்குப் போடவில்லை. மனசுக்குள் கத்தினேன். உன் பேரை மேலே வைத்ததற்குத்தானே எனக்கு இந்தக் கதி? ஊரே சிரிக்கிறது, நீ கிளியை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாய். இனிமேல் உன் பேரை எழுதவே மாட்டேன். வேண்டும் என்றால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் உன் பேருக்கு நீயே ஓர் இடம் காட்டு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த ராஜேஸ்வரி கால் உடைந்து வீட்டில் கிடக்க வேண்டும், தேர்வுக்கு வேறு ஆள் வர வேண்டும் என்றும் வேண்டினேன். எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் வேண்டினேன். மனசாரத்தான் வேண்டினேன்.

அவர் கால் உடையவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார்.

அது கடைசிப் பயிற்சி வகுப்பு. அறையில் ஏ.சி. ஓடியது. அந்தக் குளிர்க் காற்று பட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. விசில் மாதிரி சத்தம் வருகிறது, இன்ஹேலரைப் பைக்குள் தேடுகிறேன். பக்கத்திலிருந்த பிள்ளை எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். ராஜேஸ்வரி மிஸ் போய் ஏ.சி.யை அணைத்தார். ஜன்னலைத் திறந்தார். பையன்கள் வேர்க்கிறது என்று முனகினார்கள்.

“வேர்க்குறவங்க வெளிய போங்க” என்றார். ஒருவரும் போகவில்லை.

என் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்து மவுஸைப் பிடித்தார். என் பட்டியலில் முதல் வரியை அப்படியே அழித்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் தட்டிவிட்டேன். அவர் கையை எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

“உங்க சாமிய நான் அழிக்கலம்மா. எடம் மாத்துறேன். செத்த நேரம் வாயை மூடிக்கிட்டுப் பாருங்க.”

மேலே இருந்த பட்டையில் எதையோ அழுத்தினார். பக்கத்தின் உச்சியில், வரிகளெல்லாம் தொடங்குவதற்கு மேலே, ஒரு காலி இடம் திறந்தது. ஹெட்டர் என்றார். அதில் நான் அடித்திருந்த ஆண்டாள் பேரை ஓர் எழுத்து மாறாமல் அடித்தார். பட்டியலின் முதல் வரியில் இப்போது வரிசை எண், பெயர், ஊர். பிறகு அச்சுக்குக் கொடுத்தார். அன்றைய பட்டியல் பெரியது, மூன்று பக்கம் வந்தது. மூன்றிலும் உச்சியில் ஆண்டாள் பேர்.

“நீங்க வச்ச எடத்துல மொதப் பக்கத்துல மட்டும்தான் இருந்துச்சு. இங்க வச்சா எத்தனை பக்கம் வந்தாலும் இருக்கும். கணக்குக்கும் குறுக்க வராது. இதத்தான் அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க எங்க பேச விட்டீங்க.”

அந்த மூன்று தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நிலைக்கு மேலே மாட்ட வேண்டிய படத்தை வாசலை மறித்து வைத்துவிட்டு, ஆள் நுழைய முடியவில்லை என்று ஒரு வருடமாகச் சாமியோடு சண்டை போட்டிருக்கிறேன். இடம் காட்டு என்று கேட்டேன். காட்டிவிட்டாள். யார் கால் உடைய வேண்டும் என்று கேட்டேனோ, அவரையே அனுப்பிக் காட்டிவிட்டாள்.

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தது. அந்த அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இல்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே சொல்லித் தருகிறவர். நானும் எட்டு மணி நேரம் நிற்பவள்தான். அந்த வலி எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தக் காலைத்தான் உடைக்கச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். போய் வேலையைப் பாருங்கள் என்று நகர்ந்துவிட்டார்.

மார்கழித் தேர்வன்று விடியலில் உங்களோடு பாடிவிட்டுத்தான் போனேன். கணினி முன்னால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஹெட்டரைத் திறந்து அவள் பேரைப் போட்டேன். பிறகு பட்டியல், பிறகு கடிதம். நாற்பது கடிதம் கேட்டார்கள், நாற்பதுதான் வந்தது. நாற்பதிலும் சரியான பெயர், சரியான ஊர். ஆனால் வெளியூர்த் தேர்வாளர் நான் போட்ட பட்டியலின் உச்சியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கேள்வியில் இது இல்லையே, எதற்கு இது என்றார். எனக்கு நெஞ்சு மறுபடி அடைக்கத் தொடங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ராஜேஸ்வரி மிஸ் மார்க் தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“ஹெட்டர் போடத் தெரிஞ்சிருக்கு சார். பாடத்துல அதுக்கும் மார்க் இருக்கு.”

அவர் கையெழுத்துப் போட்டார். மிஸ் என்னைப் பார்த்து, கீழே பக்க எண் போடவில்லை, அதற்கு இரண்டு மார்க் குறைத்திருக்கிறேன் என்றார்.

தை கடைசியில் ரிசல்ட் வந்தது. மேனேஜர் அதுவரை பொறுத்துக்கொண்டார். இன்று நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்துதான் இதை அடிக்கிறேன். இன்ஹேலர் பையில் இருக்கிறது, ஆனால் வாரத்துக்கு ஒரு தடவைகூட எடுப்பதில்லை. மாடிப்படி ஏறினால் எண்ணிப் பார்க்கிறேன், நிற்காமல் ஏறுகிறேன். நோய் மொத்தமாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி படுத்துத் தூங்குகிறேன், அதுவே எனக்குப் பெரிய வரம்.

பால்கோவா வாங்கிக்கொண்டு மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். தனக்குச் சுகர் என்று சொல்லி அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். என்னை மிஸஸ் நேம் என்று கூப்பிட்டவர்களும் ஒரு வாய் வாங்கித் தின்றார்கள். கிளம்பும்போது உங்கள் நட்சத்திரம் என்ன மிஸ் என்று கேட்டேன். அது எதற்கு உங்களுக்கு, அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கதவைச் சாத்தினார். உண்மையைச் சொன்னால் அவரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடித்திருக்காது.

கோபம் இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு அவளிடமே போங்கள். தாங்குவாள், என்னையே தாங்கினாளே. ஆனால் கேட்டுவிட்டு வந்த பிறகு வாயைக் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆகாதவர் ஒருவர் வந்து ஏதாவது சொல்ல வாயெடுத்தால் முழுக்கச் சொல்ல விடுங்கள். நான் விடாததால் ஒரு வருட மூச்சைத் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அர்ச்சனைக்குக் கொடுக்கிறேன். பட்டர் பேர் கேட்டால் முதலில் ராஜேஸ்வரி என்கிறேன். நட்சத்திரம் கேட்டால் தெரியாது என்கிறேன். அவர் கால் இரண்டும் நன்றாக இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். என் மூச்சை அதற்குப் பிறகுதான் கேட்கிறேன்.