ருசி தெரியாத வீட்டில் வெந்த கோழி

எங்கள் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு பழைய மேசை மேல் ஓவன் இருக்கும். அதன் கண்ணாடிக் கதவுக்குள் மஞ்சள் வெளிச்சம். எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் என் மாமனார். நெற்றி நிறைய விபூதி, மடியில் நோட்டுப் புத்தகம், காதில் செருகிய பென்சில். உள்ளே வெந்துகொண்டிருப்பது கோழியின் நெஞ்சுக்கறி. மாமா என்று நினைத்தாலே எனக்கு முதலில் வந்து நிற்பது இந்தக் காட்சிதான். எழுபது வயதுவரை முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத மனிதர் அவர்.

அந்த ஓவனை வாங்கியது நான். வீட்டிலேயே முட்டையில்லாத கேக் செய்யப்போகிறேன் என்று ஆர்ப்பாட்டமாக வாங்கி, நாலு தடவை செய்து, நாலு தடவையும் நடுவில் குழி விழுந்து, பிறகு அதன் மேல் துணியைப் போர்த்தி சமையலறை மூலையில் வைத்துவிட்டேன். அதற்கு ஒரு வேலை வரும் என்றோ, அந்த வேலை இதுவாக இருக்கும் என்றோ யார் நினைத்தார்கள்?

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் தாம்பரத்துக்குப் போய் டயாலிசிஸ். மாடம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் மாமா கூட்டிக்கொண்டு போவார். எனக்குப் பள்ளிக்கூட வேலை. என் கணவருக்கு அப்போது ஓசூரில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். நாலைந்து மாதம் போனதும் டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். டயாலிசிஸில் புரதம் வெளியே போய்விடுகிறது, ரத்தத்தில் அளவு குறைந்துகொண்டே வருகிறது, இப்படியே போனால் உடம்பு டயாலிசிஸையே தாங்காது, முட்டையின் வெள்ளைக்கருவும் கோழியும் கொடுங்கள், உப்பைக் குறையுங்கள். 

எங்களுடையது பரம்பரை சைவக் குடும்பம். நானும் அப்படித்தான். அத்தை மட்டும் அப்படி இல்லை. அவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தாம்பரத்தில் டைப்பிஸ்டாக வேலைக்கு வந்துபோன காலத்தில் மின்சார ரயிலில் மாமாவைப் பார்த்து, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர். மாமாவின் அம்மா போட்ட ஒரே நிபந்தனை, இனி மாமிசம் தொடக் கூடாது. அத்தை சரி என்றார். பக்கத்தில் நின்ற மாமா வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து நாற்பத்து மூன்று வருஷம் அத்தை தொடவில்லை, அம்மா வீட்டு விருந்தில்கூட. இதையெல்லாம் அத்தை சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு வருத்தம் இருந்திருக்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

வெள்ளைக்கரு அத்தைக்குப் பத்தே நாளில் குமட்ட ஆரம்பித்துவிட்டது. கோழி எங்கிருந்து வரும், யார் செய்வது என்ற கேள்வி இரண்டு நாள் வீட்டில் சுற்றியது. கடையில் வாங்கினால் உப்பும் மசாலாவும் அதிகம். அத்தை டயாலிசிஸ் ஊசி போடும் கையால் கனம் தூக்கக் கூடாது, நிற்கவும் தெம்பில்லை. நான் செய்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அந்த வாசனையே ஆகாது. மூன்றாம் நாள் காலை மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் செய்தது ஒன்றுதான்: அவர் வருவதற்குள் ஓவனை சமையலறையிலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் வைத்தேன். தனித் தட்டு, தனிக் கத்தி, தனி ஸ்பூன் எல்லாம் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். திரும்பி வந்து பார்த்த மாமா, "நல்லதும்மா, இங்கயே வசதி" என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு முகம் சுருங்கிப் போகிறது.

கறிக்கடை அனுபவத்தை அவர் அன்று சாயங்காலம் அத்தையிடம் நடித்தே காட்டினார். "கோழியோட நெஞ்சுப் பகுதி வேணும்ப்பா" என்று இவர் கேட்க, கடைக்காரர் நெற்றி விபூதியை ஏற இறங்கப் பார்த்து, "இன்னா சார், போன்லெஸ்ஸா? ஜிம்முக்குப் போற பசங்கதான் அத்த வாங்கிகினு போவானுங்க. உனக்கா சார்?" என்றாராம். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மாமா ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவர். "மூணு தடவை எடுக்காத ரீடிங்க நம்பக் கூடாது" என்பார். கோழியையும் அப்படியேதான் எடுத்துக்கொண்டார். போனில் ஒரு செய்முறையைப் பார்த்து நோட்டில் எழுதினார். கறியை உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லியிருந்த வரியை, அத்தைக்கு உப்பு ஆகாது என்று அடித்தார். எலுமிச்சை, மிளகு, இஞ்சி பூண்டு, கொஞ்சம் எண்ணெய். இருபது நிமிஷம். வெளியே எடுத்து ஸ்பூனால் அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. என்னைக் கூப்பிட்டார். நான் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு தூரத்திலிருந்தே பார்த்து, "வேகலை மாமா, இன்னும் பத்து நிமிஷம் வைங்க" என்றேன்.

எங்களுக்குத் தெரிந்தது கொண்டைக்கடலையும் பட்டாணியும்தான். கெட்டியாக இருந்தால் வேகவில்லை, இன்னும் வைத்தால் குழையும். அடுத்த தடவை முப்பது நிமிஷம், அப்போதும் கெட்டி. அதற்கடுத்து நாற்பது. நோட்டில் நேரம் ஏறிக்கொண்டே போனது. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வாரம் மூன்று நாள், இரண்டு மாதம் இப்படியே நடந்தது. ருசி பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. கோழி எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அத்தை, அவரோ ஒவ்வொரு தடவையும் "நல்லா இருக்குங்க" என்பார். நீங்கள் எதிரே நின்றால் எனக்குச் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது என்று மாமாவை அறையை விட்டு அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு நான் மாடிக்குத் துணி உலர்த்தப் போய்விடுவேன். தட்டு மட்டும் காலியாகத் திரும்பி வரும். மாமா அதை நோட்டில் எழுதிக்கொள்வார்.

ரத்தப் பரிசோதனையில் புரத அளவு ஏறவில்லை. இன்னும் இறங்கியிருந்தது. அத்தையின் கால் வீங்கியது, கன்னம் ஒட்டியது. டயாலிசிஸ் நடக்கும்போதே இரண்டு தடவை ரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிட்டார். "சாப்பிடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டார். "சுத்தமா சாப்பிடுறா சார்" என்று மாமா நோட்டைப் பிரித்துக் காட்டினார். அப்படியென்றால் வேறு ஏதோ பெரிய கோளாறு என்று புதிய பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் மாமா சாமி அறைக்குள் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை பள்ளிக்கு மழை விடுமுறை. மத்தியானம் முன்வாசலில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அத்தையின் அறை ஜன்னலுக்குக் கீழே ஒரு செவலை நாய் நனைந்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தெருவில் எல்லா நாயும் எங்கெங்கோ ஒதுங்கியிருக்க, இது மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாகக் கொழுத்த நாய். சற்று நேரத்தில் ஜன்னல் கம்பி வழியாக அத்தையின் கை வந்தது. ஒரு துண்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

நான் தள்ளுகோலைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. நோயாளி என்றும் பார்க்காமல் கத்தினேன். "உங்களுக்கு உயிர் மேல ஆசை இல்லையா அத்தை? அந்த மனுஷன் நாயா அலையறாரு, நீங்க நாய்க்குப் போடுறீங்க" என்றேன். அத்தை தட்டில் மிச்சமிருந்த துண்டை எடுத்து, இரண்டு கையாலும் பிய்க்கப் பார்த்தார். பிய்யவில்லை. "பல்லுல கடிபடலைம்மா. தொண்டையில இறங்க மாட்டேங்குது. முதல்ல கொஞ்ச நாள் தண்ணியக் குடிச்சு முழுங்கினேன், அப்புறம் முடியல" என்றார். சொல்ல வேண்டியதுதானே என்றேன். "நாப்பத்து மூணு வருஷம் கழிச்சு எனக்காகத் தொட்டுச் செய்யறாரு. அதுல போய் நொட்டை சொல்லுவேனா? அவர்கிட்ட சொல்லிடாதம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் எலும்புதான் இருந்தது.

சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே சொன்னேன்.  மறுநாள் வெள்ளிக்கிழமை. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது கறிக்கடையில் ஆட்டோவை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வெங்காயம்கூட நறுக்க மாட்டோம். வழக்கம்போலவே செய்தார், வழக்கம்போலவே வெந்தது. மழை விடுமுறை அன்றும் தொடர்ந்ததால் நான் வீட்டில்தான் இருந்தேன். அவர் தட்டில் எடுத்துப் போட்டு நறுக்கினார். ஒரு துண்டை எடுத்தார். கொஞ்ச நேரம் விரலிலேயே வைத்திருந்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார்.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குமட்டலா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. துப்பவில்லை, விழுங்கினார். தட்டை எடுத்துக்கொண்டு நேரே அத்தையிடம் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நானும் சாப்பிட்டேன். நல்லா இல்ல. எப்படி இருக்கணும்னு நீ சொல்லு" என்றார். அத்தை அவரையே பார்த்தார். "நீங்க ஏங்க..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.  நான் அந்த இடத்தை விட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அத்தை வாய் திறந்தார். கடலை மாதிரி இல்லை, இது வேக வேக இறுகும் என்று சொன்னார். தடியான பக்கத்தைத் தட்டி ஒரே கனமாக்கச் சொன்னார், இரண்டு ஸ்பூன் தயிரில் புரட்டி வைக்கச் சொன்னார். ஓவனைப் பற்றி அவருக்கும் தெரியாது, ஆனால் வெந்த கறி எப்படி இருக்கும் என்று தெரியும். அவருடைய அம்மா குழம்பில் போட்ட கறி விரலால் தொட்டாலே இழை இழையாகப் பிரியுமாம். அந்த அடுப்பங்கரையைப் பற்றி அவர் பேசி அன்றுதான் கேட்டேன். மாமா சமையலுக்கான வெப்பமானி ஒன்று வாங்கினார். துண்டின் நடுவில் குத்திப் பார்த்து, கோழி வெந்துவிட்டதற்கான எழுபத்து நாலு டிகிரி வந்ததும் வெளியே எடுத்து, பட்டர் பேப்பரால் மூடிப் பத்து நிமிஷம் தொடாமல் வைப்பார். முதல் தடவை இருபது நிமிஷத்துக்கு முன்பே எழுபத்து நாலு வந்துவிட்டது. நறுக்கியபோது தட்டில் சாறு ஓடியது. மாமா பயந்துபோய் மூன்று தடவை குத்திப் பார்த்தார். பிறகு ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். "இது மெத்துனு இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று அவர் அறையை விட்டு வெளியே போகவில்லை. அத்தை முழுவதையும் சாப்பிட்டார். நாய் ஜன்னலுக்குக் கீழே ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டு வராமல் போனது.

முதல் சில வாரம், கோழி செய்யும் நாளில் மாமா சாமி அறைக்குள் போகவில்லை. நெற்றியும் வெறுமையாக இருக்கும். என்னை விளக்கேற்றச் சொல்வார். ஒருநாள் காலை விபூதி பூசிக்கொண்டு, தானே விளக்கேற்றி, அதன் பிறகு கறிக்கடைக்குக் கிளம்பினார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "சாமிக்குத் தெரியாம என்னம்மா செய்யறேன்" என்றார்.

அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு ஏறியது. கால் வீக்கம் வடிந்தது. அத்தை அதன் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். எங்களுக்கு அந்த ஒன்றரை வருஷமே பெரிது. ஒருநாள் உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது.

போன மாதம் முதல் வருஷத் திதி. படத்துக்கு முன்னால் இலை போட்டு, அத்தைக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்திருந்தோம். மாமாவின் அக்கா ஊரப்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். பின்பக்கத்திலிருந்து வாசனை வந்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "டேய், படையல்லயா? நம்ம வீட்டு இலையிலயா?" என்றார். மாமா கறி நறுக்குவதை நிறுத்தவில்லை.

படைக்கிற பண்டத்தை முன்கூட்டி ருசி பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். உப்புகூடப் பார்க்காமல், கைக்கணக்கில்தான் போடுவோம். மாமா ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "படைக்கிறதுக்கு முன்னாடி எச்சில் பண்றியேடா" என்று அக்கா பதறினார். மாமா நிதானமாக மென்று விழுங்கினார்.

"ருசி பாக்காமதான்க்கா ரெண்டு மாசம் அவளுக்குக் குடுத்தேன்" என்றார். "இனிமே குடுக்க மாட்டேன்."

தட்டோடு அவர் படத்தை நோக்கி நடந்தார். நான் முன்னால் போய், வடையையும் அப்பளத்தையும் ஓரமாக நகர்த்தி, இலையின் நடுவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.